காத்திரு என்ற வரி

தமிழில் டைப் அடிப்பது கையால் எழுதுவதைவிட எனக்குச் சுலபம். கையால் எழுதினால் 'ழ' இன்னும் சாய்ந்து விழுகிறது. கம்ப்யூட்டரில் எல்லார் எழுத்தும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கும். நீங்கள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. அதனால் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற பைலில், லேபிள் அறைக்கான இடத்தில், 'பெரியம்மா சொன்னது' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, அது எந்தப் பெரியம்மா என்று கேட்டீர்கள். நான்தான். என் பெயர் பெத்தம்மாள். சுதாராணி என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். சொந்தம் எதுவும் கிடையாது. அவள் போர்மேன் பூவனலிங்கம் அண்ணாச்சியின் மகள், ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள். நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள்.

ஒரு வரியில் பதில் முடிந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்து எழுது என்று சொன்ன பிறகு ஒரு வரியோடு விட எனக்கு மனசில்லை. நாற்பத்தாறு வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவள் நான். நான் எழுதுவதை வாசிக்க ஒருத்தர் காத்துக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஆபீஸ் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பேக்டரி என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். சின்ன வயதில் அங்கே குச்சி அடுக்கினேன், பெட்டி ஒட்டினேன். மிஷின் வந்த பிறகு பண்டல் கட்டினேன். முதுகு போனதும் பெருக்க விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆடு மேய்க்கிறவர். ஆட்டோடு போனால் எந்தக் காட்டில் கிடை போட்டிருக்கிறார் என்று எனக்கே தெரியாது.

ஆனியும் ஆடியும் எங்களுக்குக் காற்று மாதம். மேல்காற்று கிளம்பிவிட்டால் உழுது போட்ட கரிசல் முழுக்க எழுந்து வரும். தலைமுடியில் ஏறும், சோற்றில் நறநறக்கும். அப்போது ஆபீசில் பழைய நெருப்பு மணி ஒன்று இருந்தது. புகைக்கும் புழுதிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. காற்று மாதத்தில் சும்மா சும்மா அடிக்கும். அடித்தால் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். எங்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி, நின்றதற்கு இல்லை.

"அண்ணாச்சி, அந்த மணியக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று போர்மேன் அண்ணாச்சியிடம் எல்லாரும்தான் கேட்டோம். நானும் கேட்டேன். அவர் நிப்பாட்டினார். கேட்பது வேறு, நிப்பாட்டுவது வேறு. ஸ்டூல் போட்டு ஏறி வயரைக் கழற்றினது அவர் கை.

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் காய்ச்சல் அறையில் தீப்பிடித்தது. மருந்தில் முக்கியெடுத்த குச்சி காய்கிற அறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மணி அடிக்கவில்லை. என் மகள் வள்ளிமயில் அதற்குப் பக்கத்து அறையில் லேபிள் கட்டு எடுக்கப் போயிருந்தாள்.

நான் பண்டல் ஷெட்டிலிருந்து ஓடிவந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். அவள் இல்லை. போர்மேன் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கேட்டேன்.

"ஒம் மக அப்பவே வெளிய போயிட்டா பெத்தம்மா. பஸ் ஸ்டாப்புல நிக்கா, போய்ப் பாரு" என்றார்.

போனேன். பஸ் ஸ்டாப் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் இருக்கிறது. அங்கே அவள் இல்லை. முந்தின பஸ்ஸில் ஏறிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவேளை கூட்டத்தில் திரும்பி வருவாளோ என்று அங்கேயே நின்றேன். ஒரு பஸ் வந்தது, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். இன்னொன்று வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வரட்டும், இன்றைக்கு நல்லாக் கொடுக்கிறேன் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டேன். என் மகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அவளை ஏசிக்கொண்டு நின்றேன் அம்மா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை நடந்தது. மணியைப் பற்றிக் கேட்டார்கள். புழுதி ஏறிப் பழுதாகிவிட்டது என்றார் அண்ணாச்சி. வள்ளிமயில் வெளியே போனதாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். பச்சைச் சுடிதார் போட்ட பிள்ளை ஒருத்தி கேட்டைத் தாண்டிப் போனாள், அவள்தான் என்று நினைத்துவிட்டேன் என்றார். சொல்லும்போது அழுதார். அன்றைக்குப் பச்சைச் சுடிதார் போட்ட பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள் என்பது உண்மைதான்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. அந்தப் பஸ் ஸ்டாப்பில் அவர் ஒருநாள் நிற்க வேண்டும். மகளைக் காணோமே என்று, லேசான கோபத்தோடு, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அதன் பிறகு சாயங்காலம் வீட்டில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்றார்கள், போய் உட்கார்ந்தேன். அ, ஆ எல்லாம் அங்கே படித்ததுதான். கூட்டி வாசிக்க வந்ததும் நான் முதலில் வாசித்த போர்டு அந்தப் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற போர்டு. அத்தனை வருஷம் அங்கே ஏறி இறங்கியிருக்கிறேன், மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது.

வள்ளிமயில் எரிந்த அந்த அறையை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். லேபிள் ஸ்டோரும் கம்ப்யூட்டரும் அதில் வந்தன. கம்ப்யூட்டருக்குப் புழுதி ஆகாது என்று ஜன்னல் வைக்கவில்லை, ஏசி வைத்தார்கள். கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். காலேஜ் முடித்துவிட்டு வந்த சுதாராணியை முதலாளி அங்கே உட்கார வைத்தார்.

தங்கமான பிள்ளை. இதை நான் ஒப்புக்கு எழுதவில்லை. நான் பெருக்க வருவேன் என்று தெரிந்து நாற்காலியை அவளே தள்ளி வைப்பாள். பிளாஸ்கில் கொண்டுவருகிற டீயில் எனக்கும் ஊற்றுவாள். வள்ளிமயிலைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதனாலேயே என்னிடம் கூடுதலாகப் பிரியமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். நான் கீழே கிடக்கிற லேபிளை எடுத்து எழுத்துக் கூட்டி வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "இங்கன வந்து உக்காருங்க பெரியம்மா" என்று கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

தீக்குப் பிறகு புது ஏற்பாடு வந்தது. அறைக்கு அறை சென்சார், அறைக்கு அறை ஸ்பீக்கர். பெரிய சாப்ட்வேர் ஒன்று எல்லாச் சென்சாரையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கு வாய் கிடையாது. வாய் வேண்டும் என்றால் பிளகின் என்று ஒன்றை அதோடு சேர்க்க வேண்டும். அந்த வாய் எந்த அறையில், எப்போது, என்ன பேச வேண்டும் என்று எழுதிவைக்கிற பைல் ஒன்று உண்டு. அதைக் கான்பிக் என்பாள் சுதா. "அதுல எழுதினதத்தான் அது செய்யும் பெரியம்மா. எழுதாதத செய்யாது. நம்ம மாதிரி இல்ல" என்பாள்.

எந்த அறையில் புகையோ அந்த அறைக்கு மட்டும் அது பேசும். ஒரு இடத்தில் அடித்தால் மொத்த ஆபீசும் வெளியே வர வேண்டியதில்லை. முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களுக்கும்தான்.

ஏற்பாடு செய்ய வந்த கோயம்புத்தூர்த் தம்பி முதலில் அவரே ஒரு வாசகம் எழுதிப் போட்டார். 'அபாயம். அனைவரும் உடனடியாக வெளியேறவும்.' அதைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். பண்டல் ஷெட்டில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"எந்த டிரெயினுட்டி லேட்டாம்?" என்றாள் முத்துசெல்வி. ஷெட்டே சிரித்தது.

முதலாளி, "நம்ம பேச்சுல எழுதுங்கய்யா, அப்பத்தான் அசைவாளுவ" என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு நம் பேச்சு வரவில்லை. சுதா எழுதினால் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. அவள்தான் சொன்னாள், பெரியம்மா எழுதட்டும் என்று.

அப்படித்தான் நான் அந்தப் பைலுக்குள் போனேன். நானாக ஏறிப்போகவில்லை.

ஒவ்வொரு அறைக்கும் சில வரிகள். அறையின் பெயர், ஸ்பீக்கர், எவ்வளவு காத்திருக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். எனக்காக ஒவ்வொன்றின் மேலேயும் தமிழில் எழுதிவைத்தாள். அந்தத் தமிழ் வரிக்கு முன்னால் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒரு குறி போடுவாள். அந்தக் குறி இருந்தால் மிஷின் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போய்விடும்.

"மிஷினுக்கு இல்லாட்டி யாருக்குட்டி இது?" என்று கேட்டேன்.

"மனுசங்களுக்கு. நாளைக்கு நான் கல்யாணங்கெட்டிப் போயிட்டாலும் வாரவங்களுக்குப் புரியணும்லா."

பண்டல் ஷெட்டுக்கு நான் எழுதியது: 'ஏட்டி, கையில இருக்கத கீழ போடுங்க. கெழக்கு வாசல் வழியா வாங்க. ஓடாதீங்க, ஒருத்தி மேல ஒருத்தி விழாதீங்க.' மருந்து அறையில் ஆம்பளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு: 'அண்ணாச்சிமாரே, வாளியத் தொடாதீங்க. அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க.' அதைப் பேசவிட்டதும் முதல் தடவையிலேயே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். வெளியே வந்த முத்துசெல்வி என்னைப் பார்த்து, "ஏ யக்கா, மிஷினுக்குள்ள போயும் எங்கள ஏசுதியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய வரி ஒவ்வொன்றும் நல்ல வரி அம்மா. இந்த ஆடியில் அந்த வரிகளைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அதையும் எங்கேயாவது குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் லேபிள் அறை. "எனக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். நான் யோசித்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். 'சுதா, எந்திரிம்மா. கதவத் தொறந்து வெளிய வாம்மா.' வாசித்துவிட்டு, "பேர் சொல்லியே கூப்புடுதா?" என்று சந்தோஷப்பட்டாள்.

பிறகு அந்தக் காத்திரு என்ற வரி. சென்சார் புகையைப் பார்த்ததும் ஸ்பீக்கர் உடனே பேசாது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். புழுதியாக இருந்தால் அதற்குள் அடங்கிவிடும், புகை என்றால் அடங்காது. சாதாரண நாளில் பத்து விநாடி. காற்று மாதத்துக்குத் தனியாக முப்பது விநாடி என்று கோயம்புத்தூர்த் தம்பி சொல்லியிருந்தார். எந்த அறைக்குப் புழுதி கூட, எதற்குக் குறைச்சல் என்று பெருக்குகிறவளுக்குத்தானே தெரியும். அதனால் சுதா என்னைக் கேட்டுக் கேட்டுப் போட்டாள்.

"நம்ம ரூமுக்கு?"

"சென்சார் மாட்டிருக்க இந்த வராந்தாவுலதாம்மா புழுதி ஜாஸ்தி. நான்தான தெனம் அள்ளுதேன். முந்நூறு போடு" என்றேன்.

"முந்நூறா? அஞ்சு நிமிஷம் பெரியம்மா! அதுக்குள்ள நான் கருகிருவேன்."

"கண்ணத் தொறந்துகிட்டுதான இருக்க. பொக வந்தா தெரியாதா? சும்மா சும்மா எந்திரிச்சு ஓடுனா ஒன் வேலை என்னத்துக்கு ஆகும்?"

சிரித்தாள். முந்நூறு என்று போட்டாள். மேலே கயிற்றுக் கட்டில் குறி போட்டு, 'பெரியம்மா சொன்னது' என்று எழுதினாள். நீங்கள் பார்த்த குறிப்பு அதுதான். நான் ஒரு விசைகூடத் தொடவில்லை. சொன்னது நான், அடித்தது அவள் விரல்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நீங்கள் என்னைப் போகச் சொல்லிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பெருக்குகிற பொம்பளை புழுதியைப் பற்றி ஏதோ சொன்னாள், அந்தப் பிள்ளை விவரம் இல்லாமல் போட்டுவிட்டது, அவ்வளவுதானே. ஆனால் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

வைகாசியில் கோயம்புத்தூர்த் தம்பி திரும்ப வந்து எல்லா அறையிலும் புகை அடித்துச் சோதித்தார். காற்று மாதத்துக் கணக்கை ஓடவிட்டுத்தான் பார்த்தார். லேபிள் அறை வாயைத் திறக்கவில்லை. பைலைத் திறந்து பார்த்துவிட்டு, "முந்நூறு எல்லாம் வேண்டாம்மா, ஆபத்து. சென்சார் வெளியே வராந்தாவில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குப் புகை தெரியாது. எல்லா அறைக்கும் போல முப்பதே போடுங்க" என்று பொறுமையாக விளக்கினார். சுதா உடனே மாற்றினாள். என்னைப் பார்த்து நாக்கைக் கடித்தாள், உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க என்கிற மாதிரி. 'பெரியம்மா சொன்னது' என்ற குறிப்பை மட்டும் அழிக்க மறந்துவிட்டாள். இல்லை, பிரியத்தில் விட்டுவைத்தாளோ என்னவோ.

மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், பெருக்குவதற்காக அறையைத் திறந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பைல் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, எப்படிச் சேமிப்பது என்பதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. தமிழ்க் குறிப்பு இருந்ததால் வரியைத் தேட வேண்டியதாக இல்லை. முப்பதுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டேன். சேமித்தேன். பிறகு அறையைப் பெருக்கினேன்.

தீ நான் வைக்கவில்லை. அதை நீங்கள் எப்படித் தோண்டினாலும் கிடைக்காது, ஏனென்றால் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குத் தீ வைக்க ஆள் வேண்டுமா? காற்று மாதத்தில் காய்ச்சல் அறையில் எங்காவது ஒன்று உரசிக்கொள்ளும். சில வருஷம் சாக்கை நனைத்துப் போட்டால் அணைந்துவிடும், சில வருஷம் அணையாது. அது என் கையில் இல்லை. இந்த வருஷம் வராமலே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் நான் அடுத்த ஆனி வரை பொறுத்திருப்பேன். எனக்கு அவசரமே இல்லை.

ஆனி முழுவதும் அவள் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்தேன். ஆடி பிறந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று போட்டோ காட்டினாள். "எப்படி இருக்காவ?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். நன்றாகத்தான் இருந்தார். அவளிடம் எனக்கு ஒரு கசப்பும் கிடையாது. அவள் இடத்தில் வேறு யாராவது அண்ணாச்சிக்கு மகளாக இருந்திருந்தால் அந்த வேறு யாராவதுக்குத்தான் நடந்திருக்கும். இதை அவள் தாயார் பார்வதியம்மாளிடம் எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர்கள் இருந்த நிலையில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி பாங்கு வேலையாகக் கோவில்பட்டி போயிருந்தார். நான் முற்றத்தில் விளக்குமாற்றோடு நின்றேன். காய்ச்சல் அறைக் கூரை இடுக்கில் புகை வந்தது, காற்று அதை மற்ற அறைகளுக்கும் அடித்துக்கொண்டு போனது. முதலில் பண்டல் ஷெட் ஸ்பீக்கர் பேசியது, பிறகு மருந்து அறை. நான் எழுதிய சொற்கள் ஒவ்வொன்றும் நான் எழுதிய மாதிரியே வந்தன. பிள்ளைகள் ஓடாமல், தள்ளாமல் கிழக்கு வாசல் வழியாக வந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் இருந்தது.

லேபிள் அறை பேசவில்லை. அது காத்துக்கொண்டிருந்தது. வராந்தாவுக்குள் புகை போவது முற்றத்திலிருந்து தெரிந்தது. தீ இன்னும் போகவில்லை. கதவு வரை ஓடிப்போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியாது என்று இல்லை, முதுகு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். அவர் வருவார் என்று நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. தானாக அமைந்தது. வண்டியைப் போட்டுவிட்டு முற்றத்தில் நின்ற முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஏ பெத்தம்மா, எம் பிள்ளைய எங்க? சுதா வந்துட்டாளா?"

அவர் கேட்டது என்னிடம். சுற்றி எத்தனையோ பேர் நின்றார்கள். என்னிடம் கேட்டார், ஏனென்றால் அவள் அறைக்குப் போய்வருகிறவள் நான்.

"ஒங்க மக அப்பவே வெளிய போயிட்டா அண்ணாச்சி" என்றேன். "பஸ் ஸ்டாப்புல நிக்கா. போய்ப் பாருங்க."

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். அது தன்னுடைய சொல் என்று அவருக்கு நினைவுகூட வரவில்லை. "முருகா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் நிழற்குடைக்குள் பார்த்தார். அதன் பின்னால் போய்ப் பார்த்தார். கயத்தாறு பஸ் ஒன்று வந்தது. எட்டி எட்டி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். பஸ் போனதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் லேசான கோபம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்கிற கோபம்.

அதைப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. யாராவது அப்போது ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்திருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

பிறகு ஐந்து நிமிடம் முடிந்தது. ஸ்பீக்கர்கள் பேட்டரியில் ஓடுகிறவை. லேபிள் அறைக்காக வராந்தாவில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் அப்போதும் எரியாமல் இருந்தது. மிஷின்கள் நின்றுபோயிருந்ததால் ரோடு வரை கேட்டது.

"சுதா, எந்திரிம்மா. கதவத் தொறந்து வெளிய வாம்மா."

நிறுத்துகிறவரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று பைலில் இருந்தது. அது சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பினார். வந்த லாரியைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தார். அதற்குள் வராந்தா ஓடு இறங்கத் தொடங்கியிருந்தது. நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

எல்லாம் முடிந்த பிறகு துட்டி விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தெரியாமச் சொல்லிட்ட பெத்தம்மா. ஒம்மேல தப்பில்ல. அன்னைக்கு நானும் அப்படித்தான், தெரியாமத்தான் சொன்னேன். நீ நம்பலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் என்னை மன்னிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் தெரியாமல் சொன்னாராம், நானும் தெரியாமல் சொன்னேனாம், இரண்டு பேரும் ஒரே மாதிரியாம். அதனால்தான் நீங்கள் ஆள் விட்டதும் மறு பேச்சில்லாமல் வந்தேன். இந்தத் தாள்களைக் கோர்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள். நான் தெரிந்துதான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

எழுதி முடித்துவிட்டேன். சைபர் போட்டது நான். பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பியது நான். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் அவளுக்காக எழுதிய வரியை ஒருநாளும் அழிக்கவில்லை. அதன் முன்னால் ஒரு கயிற்றுக் கட்டில் குறி போட்டிருந்தால் மிஷின் வாயைத் திறந்திருக்காது. போட எனக்குத் தெரியும், போடவில்லை. அவளைப் பேர் சொல்லி, எந்திரிம்மா என்று கூப்பிட்டது. என் மகளை யாரும் கூப்பிடவே இல்லை.